ஈரச்சாக்கு

கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள் சார். சாக்கு ஈரம். உங்கள் பேண்ட் நனைந்துவிடும்.

மேலே வைக்கலாம் என்றுதான் பார்த்தேன். கண்டக்டர் விடவில்லை. "இன்னா பெருசு, மீனா? நாறுனா அத்தனை பேரும் என்னைத்தான் திட்டுவாங்க" என்றான். மீன் இல்லைப்பா, கயிறு என்றேன். "கயிறு ஏன் ஒழுவுது?" என்றான். அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? தண்ணீருக்குள்ளேயே கிடந்து பழகிய நார்க்கயிறு இது. காயவிட்டால் முறுக்கிக்கொண்டு விறகு மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஒன்றுக்கும் உதவாது. அதனால்தான் காலையில் எங்கள் கழிமுகத்தில் இறங்கி, சேற்றிலிருந்து இழுத்து எடுத்து, அப்படியே சுருட்டி, ஈரச்சாக்கில் வைத்துக் கட்டிக் கொண்டுவருகிறேன். தங்கச்சி வீட்டுக்கு.

கழுத்தில் தொங்குவது என்ன சார், தூரத்தில் இருப்பதைப் பார்க்கிற கண்ணாடியா? பறவை பார்க்கப் போகிறீர்களா? பூநாரையா? அப்படியென்றால் ஏரிக்கு. நானும் அங்கேதான். பாலம் தாண்டினால் மூங்கில்திட்டு. என் தங்கச்சியைக் கொடுத்த ஊர்.

நல்லவேளை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஓர் உயிர் ஓர் இடத்துக்கு எப்படி வந்து சேருகிறது சார்?

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் கேட்கிறேன். இந்தப் பூநாரையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வருகிறது? குஜராத்தா? சரி. அவ்வளவு தூரம் பறந்துவந்து இந்த ஏரியில் இறங்குகிறதே, உன்னை யார் கூட்டிவந்தார்கள் என்று யாராவது அதைக் கேட்டிருக்கிறார்களா? வெளியே பாருங்கள், வழியெல்லாம் வேலிகாத்தான். அது இந்த மண்ணில் பிறந்ததா? குட்டை நிறைய ஆகாயத்தாமரை. வலை போட்டால் பாதிக்குப் பாதி ஜிலேபிக் கெண்டை. எல்லாம் எங்கிருந்தோ வந்ததுதான். ஒருத்தரையும் பிடித்து வைத்து விசாரிக்கவில்லை. என்னை மட்டும் விசாரிக்கிறார்கள். இன்றைக்கு உச்சிவெயிலுக்குள் மூங்கில்திட்டு அம்மன் கோயில் வாசலில் போய் நின்று, எரிகிற கற்பூரத்தை இந்த உள்ளங்கையால் அணைத்து, "என் படகில் வரவில்லை" என்று நான் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் தங்கச்சி குடும்பம் தொழில் செய்யலாம். சொல்லாவிட்டால் அவர்களுக்கு இனி ஏரியில் பாடு கிடையாது.

பாடு என்றால் முறை சார். ஏரியில் இறால் ஓடுகிற நீரோட்டம் எல்லா இடத்திலும் இருக்காது. நல்ல இடம் கொஞ்சம்தான். அதனால் இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். முறை வந்த அன்றைக்கு வலை கட்டினால்தான் அடுப்பு எரியும். பாடு இல்லாதவன் அந்த ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவன் மாதிரி. அதற்கு நடுத்தெருவில் நின்றுவிடலாம்.

என்ன வந்தது என்று நான் சொல்லவே இல்லையே. காக்கா ஆழி. பார்த்திருக்க மாட்டீர்கள். காக்காய் நிறத்தில் சின்னதாக ஒரு சிப்பி. பாக்குக் கொட்டை அளவு. தனியாக ஒன்றைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தனியாக அது இருப்பதில்லை. ஒன்றோடு ஒன்று நூல் விட்டுக் கட்டிக்கொண்டு, சேற்றின் மேலே ஜமுக்காளம் விரித்த மாதிரி பரவிவிடும். இறால் சேற்றுக்குள் புதைந்து படுக்கிற பிராணி. ஜமுக்காளத்துக்கு மேல் எங்கே படுக்கும்? போய்விடும். காலை வைத்தால் பிளேடு மாதிரி கிழிக்கும். வலை போட்டால் வலை கிழியும்.

எங்கள் கழிமுகம் அப்படித்தான் போனது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கண்ணாடி பாட்டிலில் சேறு அள்ளிக்கொண்டு போக ஒரு அம்மா வந்தார்கள். அவர்கள்தான், இது நம் நாட்டு உயிரே இல்லை, கப்பலோடு ஒட்டிக்கொண்டு கடல்தாண்டி வந்திருக்கும் என்று சொன்னார்கள். எந்தக் கப்பல், யார் கப்பல் என்று எங்கே போய்க் கேட்பது? கப்பல்காரனைக் கூப்பிட்டு யார் கற்பூரம் ஏற்றுவது? எங்கள் தலையெழுத்து என்று விட்டுவிட்டோம். நான் மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கப் போனேன். படகு தண்ணீரில் சும்மா ஊறிக்கொண்டு கிடந்தது.

அந்த வருஷப் புயலில் மூங்கில்திட்டில் என் தங்கச்சி புருஷன் துளசிங்கத்தின் படகு இரண்டாக உடைந்துபோனது. தங்கச்சி அஞ்சலாட்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்கிற ஆள் இல்லை. கரையில் நின்று என் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "உனுக்கு இருக்குது, ஓட்ட எடமில்ல. எனுக்கு எடம் இருக்குது, ஓட்ட ஒண்ணுமில்ல. ஆண்டவன் கணக்குல நல்லா கெட்டிக்காரன்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் கல்யாணத்தில் நான் சரியாகச் செய்யவில்லை சார். அது எனக்கு உள்ளே இருக்கிறது. எதற்கெடுத்தாலும் அதிலேதான் போய் நிற்பேன். நான் அண்ணனாக இருந்தேனா, அல்லது அண்ணன் மாதிரி இருந்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். சரி, படகைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சும்மா கொடுக்கவில்லை. சீர் மாதிரி கொடுத்தேன். பச்சையும் மஞ்சளுமாகப் புதுப் பெயிண்ட். முனைக்குச் சந்தனம், குங்குமம், மாலை. என் மனைவி கேட்டாள், "அடிப்பக்கம் சுரண்டலையா?" என்று. தண்ணீருக்குள் இருக்கிற பாகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? அதுவுமில்லாமல் பூசை போட்ட படகில் இரும்பு வைக்கலாமா? வைக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

லாரியில் ஏற்றிப்போனதுதான் பெரிய பாடு. மரப்படகு சார். வெயிலில் காய்ந்தால் பலகைக்குப் பலகை விட்டுப்போகும். தங்கச்சி வீட்டுக்கு விரிசல் விட்ட படகைக் கொண்டுபோய் இறக்கினால் என் மானம் என்ன ஆவது? அதனால் கழிமுகத்திலேயே சாக்குகளை ஊறவைத்து, படகின் வயிறு முழுக்கப் போர்த்தினேன். கேன்களிலும் அந்தத் தண்ணீரையே பிடித்துவைத்துக்கொண்டு, வழியில் நிறுத்தி நிறுத்தி ஊற்றினேன். லாரிக்காரன் கேலி செய்தான். "இன்னாய்யா, புள்ளத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு இட்டும்போற மாதிரி இட்டும்போற" என்றான். ஆமாம், அப்படித்தான் கொண்டுபோனேன். ஒரு சொட்டு காயவிடவில்லை. ஏரியில் இறக்கியபோது எங்கள் தண்ணீரில் இருந்த மாதிரியே இருந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது. "மச்சான், இது படகில்ல, தேரு" என்று துளசிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டான். அஞ்சலாட்சி முதல்தடவையாக என் தட்டில் கேட்காமலே மீன் வைத்தாள். என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் சார் அது.

அதனால்தான் எனக்கு வலிக்கிறது.

முதல் வருஷம் நல்ல பாடு. அடுத்த மழைக்குப் பிறகு, துளசிங்கம் படகு கட்டுகிற கம்பத்தைச் சுற்றி நாலு கறுப்புச் சிப்பி. பிறகு கம்பம் முழுக்க. பிறகு பக்கத்துக் கம்பம். இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம், வடக்கே, மூங்கில்திட்டுக் கரை முழுவதும் இருக்கிறது. இறங்கி நடக்க முடியவில்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. தெற்குத் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. நம் ஜன்னல் வழியாகத் தெரியும் பாருங்கள், வரும்போது காட்டுகிறேன். தெற்குக் கரையில் இருக்கிற ஊர்களெல்லாம் பயந்துபோய் இருக்கிறார்கள். பாலத்தின் கண்களுக்குக் கீழே வலை கட்டி மறித்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து ஒரு படகு, ஒரு கழி, ஒரு கூடை, ஒன்றும் தெற்கே வரக்கூடாது. முறை போட்டுக் காவல் இருக்கிறார்கள். அவர்கள்தான் மூங்கில்திட்டுத் தலைவரை நெருக்குகிறார்கள், "யார் கொண்டாந்தாங்கன்னு கண்டுபிடிச்சு வெளியே தள்ளு, இல்லன்னா உங்க ஊரோட பொண்ணு கொடுக்கல் வாங்கல் கிடையாது" என்று.

தலைவர் பெயர் கன்னியப்பன். கெட்டவர் இல்லை. போன கூட்டத்தில் என்னை உட்காரச் சொல்லித்தான் கேட்டார்.

"தேசப்பா, உன் ஊர்ல அது இருக்குது. எங்க ஊர்ல இல்ல. உன் படகு வந்துச்சு. அது கட்டுன கம்பத்துலதான் மொதல்ல மொளைச்சுது. நீயே சொல்லு, நான் இன்னா நெனைக்கணும்?"

"கப்பல்ல வந்துருக்கும் தலைவரே" என்றேன்.

"ஏரியில முழங்கால் தண்ணி. கப்பல் எங்க வந்துச்சு? நீ ஓட்டியாந்தியா?" என்றான் கூட்டத்தில் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

வெள்ளத்தில் வந்திருக்கும் என்றேன். "வெள்ளம் இங்கேந்து கடலுக்குப் போவுது, கடல்லேந்து இங்க வர்ல" என்றார்கள். காக்காய் கொண்டுவந்து போட்டிருக்கும் என்றேன். "அதான் காக்கா ஆழின்னு பேரு போல" என்று ஒரு கிழவர் சொன்னார். அதற்கும் சிரிப்பு. அஞ்சலாட்சி பெண்கள் பக்கத்தில் நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. துளசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

கூட்டம் முடிந்து என்னைப் பஸ் ஏற்ற வந்தபோது அவன் கேட்டான். "மச்சான், எனக்கு மட்டும் சொல்லு. அடியில ஏதாச்சும் ஒட்டினு இருந்துச்சா?"

படகென்றால் ஒட்டத்தான் செய்யும் என்றேன். பாசி ஒட்டும், பலகைப்பூச்சி ஒட்டும். எதெது ஒட்டியது என்று குனிந்து பார்த்துக்கொண்டா இருப்பார்கள்?

"நான் சுரண்டும்போது கறுப்பா ஏதோ உதிர்ந்துச்சு மச்சான். கரண்டைக் கால் தண்ணியில நின்னுதான் சுரண்டுனேன். பாசின்னு நெனைச்சேன்."

பார்த்தீர்களா சார்? அவன் சுரண்டியிருக்கிறான். பூசை போட்ட படகில் இரும்பு வைத்திருக்கிறான். நான் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து கொடுத்ததை, தண்ணீரில் நின்றுகொண்டு சுரண்டித் தள்ளியிருக்கிறான். அப்போதும் நான் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். தங்கச்சி புருஷனைக் காட்டிக்கொடுப்பவனா நான்? இன்றைக்கும் சபையில் சொல்ல மாட்டேன்.

ஆனால் யோசிக்கிறேன். ஐஸ் உடைக்கும்போதுகூட யோசிக்கிறேன். நான் எங்கே தவறினேன்? என் மேல் ஏதோ குறை இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. இல்லாவிட்டால் நல்லது செய்யப்போன இடத்தில் இப்படி வருமா? புரண்டு புரண்டு யோசித்து, கடைசியில் பிடிபட்டது. கயிறு. படகைக் கொடுத்தேன், அதைக் கட்டுகிற கயிற்றைக் கொடுக்கவில்லை. அது தண்ணீருக்கடியில் சேற்றில் புதைந்துகிடந்தது, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். குறைச் சீர் சார். அறுத்துக்கொண்டு வந்த படகு மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கயிற்றில் இருந்ததோ அந்தக் கயிற்றோடு போகவேண்டாமா ஒரு படகு? அதனால்தான் இன்றைக்கு முதல் வேலையாக இதை எடுத்துவந்தேன். சத்தியம் செய்கிறேனோ இல்லையோ, இதை முதலில் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் குறை தீர்ந்தது.

சத்தியம்தானே? செய்வேன். ஏன் செய்யமாட்டேன்? மனசறிந்து நான் எதையும் கொண்டுவரவில்லையே. ஆனால் நேற்று அஞ்சலாட்சி போன் செய்தாள் சார். அதுதான் உறுத்துகிறது. வந்து சத்தியம் பண்ணு என்று கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்கிறாள், "அண்ணா, எனக்காகப் பண்ணாதே. நெசமா இருந்தா பண்ணு. என் புள்ளைங்க அந்த ஏரியிலதான் பொழைக்கணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள்? பாடு போனால் அவளுக்குத்தானே நஷ்டம்? அண்ணனை நம்பாத பேச்சா, அண்ணனைக் காப்பாற்றுகிற பேச்சா? கல்யாணத்தில் குறை வைத்ததை இன்னும் மறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்குத்தான் உங்களைக் கேட்கிறேன். வேறு எப்படி வரும் இது? யாரும் கொண்டுவராமல்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் சார்.

குஞ்சா? தண்ணீரிலா? கண்ணுக்கே தெரியாதா? நீரோட்டத்தில் அதுபாட்டுக்கு மிதந்து போகுமா? அட! இதை ஏன் அந்தப் பாட்டில் அம்மா எங்களுக்குச் சொல்லவில்லை? பறவைக் காலில் ஒட்டியும் வருமா? நிச்சயமாகத் தெரியாதா. பரவாயில்லை, வரலாம் என்று சொன்னீர்களே, அது போதும். பூநாரைக் காலில் வந்திருக்கலாம்! எவ்வளவு நீளக் கால் அது! எங்கெங்கே நின்றுவிட்டு வருகிறது! சார், ஒரு உதவி. என்னோடு கோயில் வாசல் வரைக்கும் வந்து இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக முடியுமா? நீங்கள் சொன்னால் கன்னியப்பன் கேட்பார். கண்ணாடியெல்லாம் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பறவை எங்கேயும் போகாது. சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான் நிற்கும்.

என்ன சொன்னீர்கள்? பெரிய சிப்பியென்றால் தானாக அவ்வளவு தூரம் வராது, எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வரவேண்டுமா? ஈரமாக இருந்தால் வெளியே நாள்கணக்கில் உயிரோடு இருக்குமா? அதை விடுங்கள். அதைச் சபையில் சொல்ல வேண்டாம். பறவையை மட்டும் சொல்லுங்கள்.

இதோ, பாலம் வந்துவிட்டது. பாருங்கள் சார், நம் ஜன்னல் பக்கம், தெற்குத் தண்ணீர். எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அதோ இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள் பாருங்கள். செருப்பு இல்லாமல், உறை இல்லாமல், வெறுங்கை வெறுங்கால். எங்கள் கழிமுகமும் ஒருகாலத்தில் இப்படித்தான்.

என்ன சார், காலைத் தட்டுகிறீர்கள்? எறும்பா? ஏதோ குத்தியதா? சாக்குப் பக்கமா? கொடுங்கள், பார்க்கிறேன்.

இது உங்கள் செருப்பில் ஒட்டியிருந்ததாக இருக்கும். நேற்று எங்கேயாவது கடற்கரைக்குப் போனீர்களா? போகவில்லையா. சரி.

விரல் பட்டதும் மூடிக்கொள்கிறது. வாயை இறுக்க மூடிக்கொள்கிறது பாருங்கள்.

கொஞ்சம் இருங்கள். சாக்கைப் பிரிக்கிறேன். கயிறுதான் சார், வெறும் கயிறு, இருட்டோடு எடுத்ததில் நான் சரியாகப் பார்க்கவில்லை. முறுக்குக்குள் இருக்கிறது. இங்கே. இங்கேயும். கொத்தாக இருக்கிறது. சேறு என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கன்னியப்பன் ஆள் அனுப்பியிருப்பார். துளசிங்கமும் நிற்பான். அவன்தான் சாக்கை வாங்குவான். எல்லார் எதிரிலும் பிரிப்பான். அவள் வேறு அங்கே நிற்பாள்.

பஸ்ஸுக்குள் போட முடியாது. கண்டக்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நீங்கள் ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்கள் சார். இன்னும் கொஞ்சம். நன்றி.

போய்விட்டது. ஒரு சத்தம்கூட இல்லை. எவ்வளவு பெரிய தண்ணீர், அதில் இது என்ன? இன்னொன்று. வரமாட்டேன் என்கிறது சார், நூல் விட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பா! கிழித்துவிட்டது. பரவாயில்லை, சின்னக் காயம்தான். எரிகிறது. இந்தக் கையைத்தான் கற்பூரத்தில் வைக்கவேண்டும்.

என் கையைப் பிடிக்காதீர்கள் சார். உங்களுக்குத் தெரியாது. ஒன்றுகூட மிஞ்சாமல் எடுத்துவிட்டால் போதும், நான் தைரியமாகப் போய் நிற்பேன். என் தங்கச்சிக்கு நான் வேறு என்ன செய்திருக்கிறேன்? அப்புறம் நீங்கள் பறவையைச் சொல்லுங்கள். பறவையை மட்டும் சொன்னால் போதும்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இங்கே ஸ்டாப் எதுவும் இல்லையே. எதற்கு விசில் கொடுக்கச் சொல்கிறீர்கள்? உட்காருங்கள் சார், உட்காருங்கள். பாலம் இன்னும் முடியவில்லை.